செகண்ட் ஹேண்ட் பாய்மரப் படகு: தண்ணீரில் இறக்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போனா என்ன செய்வோம்? தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவோம். செயினை ஆட்டிப் பார்ப்போம். டயரை நகத்தால் கிள்ளுவோம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்போம். ஓட்டும்போது நின்னு போச்சுன்னா ஓரமா உருட்டிட்டு வந்துடலாம். படகுக்கு அந்த வசதி கிடையாது. ஏரி நடுவுல ஓரம்னு ஒண்ணு இல்ல.

நம்ம காலேஜ்ல படிச்சு முடிச்சிட்டு இப்போ அட்லாண்டாவில் எம்.எஸ். பண்ற மூணு பேர் சேர்ந்து ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கோம். நான் மெக்கானிக்கல், ஒருத்தன் சிவில், ஒருத்தி ஈசிஈ. விலை இங்கே ஒரு பழைய காரை விடக் குறைவு. படகோட பேர் கேட்டலினா 22. வித்தவர் எழுபது வயசு தாண்டின ஒரு பெரியவர். முட்டி வலி வந்ததால வித்துட்டார். படகு 1980களில் செஞ்சது, அதாவது எங்க மூணு பேரை விடவும் வயசுல மூத்தது.

"ஜாலியா இருக்குமே, போட்டோ போடு" என்றுதான் எல்லாரும் கேட்கிறீங்க. போட்டோ அப்புறம். வாங்கினதும் நேரா ஏரிக்குப் போகாம, ட்ரெய்லர் மேலேயே வெச்சு ஒவ்வொரு பாகமா அந்தப் படகை எப்படிப் படிச்சோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. செமஸ்டர்ல படிச்சு, எழுதி, மறந்த விஷயங்கள் பாதி இதுக்குள்ள வரும்.

முதல்ல, இது எப்படிப்பட்ட படகு?

கேட்டலினா 22-ஐ வடிவமைச்சவர் ஃபிராங்க் பட்லர் என்ற அமெரிக்கர். 1970களின் தொடக்கத்துல விற்பனைக்கு வந்து, இதுவரை 15,000க்கும் மேல் செஞ்சிருக்காங்க. நீளம் 21 அடி 6 அங்குலம், அகலம் 7 அடி 8 அங்குலம், எடை சுமார் ஒரு டன். உள்ளே சின்னதா ஒரு கேபின். நாலு பேர் நெருக்கியடிச்சுப் படுக்கலாம். நம்ம ஹாஸ்டல் ரூமோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசம் தெரியாது.

அந்த அகலத்தைக் கவனிங்க. எட்டு அடிக்குள்ள இருந்தா, தனி அனுமதி எதுவும் வாங்காம ட்ரெய்லர்ல வெச்சு ரோட்டுல இழுத்துட்டுப் போகலாம். படகோட அகலத்தைத் தண்ணி மட்டும் தீர்மானிக்கல, நெடுஞ்சாலையும் சேர்ந்துதான் தீர்மானிச்சிருக்கு.

அதே மாதிரி கீல். பாய்மேல காத்து அடிச்சா படகு சாயும். சாயாம இழுத்துப் பிடிக்க, அடிவயித்துல கனமான ஒரு துடுப்பு மாதிரி கீழே நீட்டிட்டு இருக்கிறதுதான் கீல். அது படகு பக்கவாட்டில் வழுக்கிப் போறதையும் தடுக்கும். பெரிய படகுகளில் இது நிரந்தரமா நீட்டிட்டே இருக்கும். ட்ரெய்லர்ல ஏத்தணும்னா அது முடியாது. அதனால எங்க படகுல இருக்கிற மாதிரியான மாடல்ல சுமார் 250 கிலோ வார்ப்பிரும்புக் கீலை ஒரு முளையில் தொங்கவிட்டு, வின்ச் வெச்சு மேலே மடக்குற மாதிரி செஞ்சிருக்காங்க. தமிழ்ல கீல்னா கதவுக் கீல். இங்கே கீலே ஒரு கீல்ல தொங்குது! இறக்கினா படகுக்கு 5 அடி ஆழம் தண்ணி வேணும். ஏத்தினா 2 அடி போதும்.

ஆக, ட்ரெய்லர்ல போற படகுன்னா அதுல அசையுற பாகங்கள் அதிகம். கீல் மடங்கும், பாய்மரம் கழறும், சுக்கான் கழறும். அசையுற ஒவ்வொரு இடமும் தேயுற இடம். பழைய படகை வாங்கறவங்க தலைவலியோட பாதி காரணம் இந்த ஒரே வரிதான்.

மூணு கேள்வி

ஒவ்வொரு பாகத்தையும் தொடும்போது நாங்க மூணே மூணு கேள்வி கேட்டோம்.

ஒண்ணு: இதுல வர்ற விசை எங்கிருந்து வந்து எங்கே போகுது?

ரெண்டு: தண்ணி இது வழியா உள்ளே வருமா?

மூணு: இது ஒண்ணு மட்டும் உடைஞ்சா என்ன ஆகும்?

மூணாவது கேள்விக்கு "குஷன் கிழிஞ்சிருக்கும்" என்று பதில் வந்தா அந்தப் பாகத்தைத் தள்ளிப் போடலாம். "பாய்மரம் தலைமேல விழும்" என்று பதில் வந்தா தள்ளிப் போட முடியாது. ரொம்பச் சாதாரணமான விஷயம்தான். ஆனா புதுசா படகு வாங்கினவங்க முதல்ல பாலிஷ் போடுவாங்க, பேர் எழுதுவாங்க, ஸ்பீக்கர் மாட்டுவாங்க. கண்ணுக்குத் தெரியுறதுல கை முதல்ல போகும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கேள்விகள்.

ஜாதகம் பார்ப்பது

அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு செஞ்ச எல்லாப் படகுகளுக்கும் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. படகோட பின்பக்கம், வலது மேல் மூலையில் பொறிச்சிருப்பாங்க. முதல் மூணு எழுத்து தயாரிப்பாளர், அடுத்த அஞ்சு அந்தப் படகோட வரிசை எண், கடைசி நாலு தேதி. பைக்குக்குச் சேஸிஸ் நம்பர் மாதிரி. பேப்பர்ல இருக்கிற எண்ணும் படகுல இருக்கிற எண்ணும் ஒண்ணானு ஒப்பிடறதுதான் முதல் வேலை. உதிரிபாகம் ஆர்டர் பண்ணும்போதும் இது தேவை. ஏன்னா வருஷத்துக்கு வருஷம் சின்னச் சின்ன மாற்றங்கள் செஞ்சிருக்காங்க.

அடுத்தது, வித்தவர்கிட்ட உட்கார்ந்து பேசறது. "ஏதாவது பிரச்சினை இருக்கா சார்?" என்று கேட்டா "ஒண்ணும் இல்லப்பா" என்றுதான் பதில் வரும். கேள்வி குறிப்பா இருக்கணும். கீல் கேபிளைக் கடைசியா எந்த வருஷம் மாத்தினீங்க? பாய்மரக் கம்பிகள் படகோட வந்ததா, நீங்க போட்டதா? மழை பெய்தா உள்ளே எந்தப் பக்கம் ஈரமாகும்? கடல்ல ஓட்டினதுண்டா? எங்க பெரியவர் எல்லாத்துக்கும் நேர்மையாப் பதில் சொன்னார். கம்பிகள் மாத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சாம். அதுக்கு முன்னாடி படகு கொஞ்ச காலம் ஃபுளோரிடா கடலோரத்தில் இருந்ததாம். இந்த ரெண்டு பதிலும் பின்னாடி முக்கியமாகப் போகுது.

ட்ரெய்லர்: படகின் முதல் கடல்

படகு மூழ்குறதைப் பத்தி எல்லாரும் கவலைப்படுவாங்க. ஆனா ட்ரெய்லர் படகு ரோட்டுலயும் உயிரை வாங்கும்.

டயர்ல ட்ரெட் நல்லா இருக்கேனு ஏமாறக் கூடாது. ட்ரெய்லர் டயர் ஓடித் தேயுறதை விட, வெயில்ல நின்னே வெடிச்சுப் போகும். டயர் பக்கவாட்டுல இருக்கிற குறியீட்டின் கடைசி நாலு எண்ணைப் படிங்க. 2316 என்று இருந்தா 2016ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செஞ்சது என்று அர்த்தம். நம்ம ஊர் பைக், கார் டயர்லயும் இதே மாதிரி தேதி இருக்கும், இன்னைக்கே போய்ப் பாருங்க.

அடுத்து வீல் பேரிங். ஒரு மணி நேரம் இழுத்துட்டு வந்த ட்ரெய்லரோட ஹப் சூடா இருக்கும். அதை அப்படியே தண்ணிக்குள்ள இறக்கினா, உள்ளே இருக்கிற காத்து சட்டுனு குளிர்ந்து சுருங்கும், அழுத்தம் குறையும், சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். கிரீஸ்ல தண்ணி கலந்தா பேரிங் துரு பிடிக்கும். அடுத்த பயணத்துல நடுரோட்டுல ஜாம் ஆகும். அதனால ஏரிக்கரையில் போய் நின்னதும் அரை மணி நேரம் ஹப்பை ஆறவிடணும். அந்த நேரத்துலதான் மத்த வேலைகளைச் செய்யறது. வழியில நிக்கும்போதெல்லாம் நாலு ஹப்பையும் கையால தொட்டுப் பார்க்கணும். ஒண்ணு மட்டும் மத்ததை விட அதிகமாச் சுட்டா, அந்த பேரிங் பேச ஆரம்பிச்சிருச்சுனு அர்த்தம்.

மூணாவது, எடை எங்கே உட்காருது? ட்ரெய்லரோட மொத்த எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம் வண்டியோட கொக்கி மேல இறங்கணும். எங்களுக்குப் படகும் ட்ரெய்லரும் சேர்ந்து ஒன்றரை டன் பக்கம். அப்போ கொக்கியில் 150 கிலோவாவது இருக்கணும். பின்பக்கம் கனமாகிட்டா ட்ரெய்லர் வேகத்துல வாலை ஆட்ட ஆரம்பிக்கும், அடக்க முடியாது. நங்கூரம், பேட்டரி, தண்ணிக் கேன் இதையெல்லாம் படகுக்குள்ள எங்கே வெக்கிறோம் என்பது கூட இந்தக் கணக்கை மாத்தும்.

கீல்: 250 கிலோ, ஒரே கேபிள்

இந்தப் படகோட இதயம் இதுதான். கீலோட முன்முனை ஓர் அங்குலம் தடிமனான முளையில் தொங்குது. பின்முனையில் ஒரு ஸ்டீல் கேபிள். அந்தக் கேபிள் படகோட தரையில் ஒரு குழாய் வழியா மேலே ஏறி, கேபின் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற கை வின்ச்சுல போய்ச் சுத்திக்குது.

முதல் கேள்வி, விசை எவ்வளவு? கீலோட எடை மையம் ஏறக்குறைய நடுவுல இருக்குனு வெச்சுக்கிட்டா, பாதி எடையை முளை தாங்கும், பாதியைக் கேபிள் தாங்கும். கோணத்துக்கும் கொஞ்சம் சேர்த்து 150 கிலோ என்று வைங்க. புதுக் கேபிள் இதைப் போல பத்து மடங்கு தாங்கும். அப்புறம் ஏன் அறுந்து போகுது?

ஃபர்ஸ்ட் இயர் கணக்குல அறுகாது. மூணாவது வருஷக் கணக்குல அறுகும். கேபிள் திரும்புற இடத்துல அதே சில சென்டிமீட்டர் நீளம்தான் ஒவ்வொரு தடவையும் வளைஞ்சு நிமிருது. அது ஃபடீக். கீல்ல மாட்டுற முனை எப்பவும் தண்ணியில இருக்கு. அது அரிப்பு. கீலைக் கேபிள்ல தொங்கவிட்டபடியே ட்ரெய்லரை இழுத்தா, ஒவ்வொரு பள்ளத்துலயும் அந்த 250 கிலோ குதிக்குது. அது அதிர்ச்சிச் சுமை. அதனாலதான் ட்ரெய்லர்ல இருக்கும்போது கீலை இறக்கி, அதுக்கான பலகை மேல உட்கார வெக்கணும். கேபிள் தளர்வா இருக்கணும்.

ஓடும்போது கேபிள் அறுந்தா கீல் சுழன்று கீழே விழும். இரும்புச் சம்மட்டி மாதிரி படகோட அடியில் மோதி விரிசல் விடவைக்கலாம். இந்த ஒரே காரணத்துக்காக, கேபிளோட நிலைமை எப்படி இருந்தாலும் புதுசு போடணும்னு நாங்க முடிவு பண்ணினோம். முனையில் மாட்டுற ஷேக்கிள், பின், திருப்பி விடுற உருளை எல்லாமும் சேர்த்து.

ரெண்டாவது கேள்விக்கு இங்கே சுவாரசியமான பதில் இருக்கு. கேபிள் ஏறி வர்ற குழாய் கேபின் தரையில் ஒரு சின்ன மேடு மாதிரி இருக்கும். இந்தப் படகு வெச்சிருக்கிறவங்க அதுக்கு வெச்ச பேர் "வல்கனோ", அதாவது எரிமலை. அந்த மேட்டு மேல ஒரு ரப்பர் ஹோஸ், அதைச் சுத்தி கிளாம்ப். ஹோஸ் வெடிச்சா எரிமலைக்குப் பேர் பொருத்தம் வந்துடும், கக்குறது தண்ணி. காசு ரொம்பக் குறைவான பாகம், ஆனா படகையே மூழ்கடிக்கக் கூடியது. ஹோஸை மாத்தி, ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டாச்சு.

முளையைப் பார்க்கக் கீலுக்குக் கீழே ஜாக் வெச்சு எடையைத் தாங்கிக்கிட்டு, கீலோட நுனியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கணும். கொஞ்சம் ஆடுறது இயல்பு. அதிகமா ஆடினா முளையோ துளையோ தேஞ்சிருக்கு. தேய்மானம் அதிகமானா, நங்கூரம் போட்டு நிக்கிற இரவுல "டக்... டக்..." என்று ஒரு சத்தம் கேட்டுட்டே இருக்குமாம்.

கேபிளுக்கும் ஒரு சத்தம் உண்டு. கீலை இறக்கி நல்ல வேகத்துல போகும்போது கேபின் முழுக்க "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். இது கோளாறு இல்ல. கேபிளைத் தாண்டி ஓடுற தண்ணி ரெண்டு பக்கமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்குது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஸ்ட்ரூஹல் எண்ணைப் படிச்சிருப்பீங்களே? உருளைக்கு அது சுமார் 0.2. வேகம் 5 நாட், அதாவது நொடிக்கு 2.57 மீட்டர். கேபிள் விட்டம் 5 மில்லிமீட்டர். 0.2-ஐ 2.57-ஆல் பெருக்கி 0.005-ஆல் வகுத்தா சுமார் 103 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட அதே சுதி! படகு எவ்வளவு வேகமாப் போகுதுன்னு காதாலேயே சொல்லலாம்.

பாய்மரமும் அதைப் பிடித்திருக்கும் கம்பிகளும்

பாய்மரம் சுமார் 25 அடி நீள அலுமினியக் குழாய். கேபின் கூரை மேல ஒரு போல்ட்டுல உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான். அதை நிமிர்த்திப் பிடிக்கிறது முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டின ஸ்டீல் கம்பிகள். டிவி ஆன்டெனாவைக் கம்பி கட்டி நிறுத்துவாங்களே, அதே தத்துவம். கம்பி ஒவ்வொண்ணும் இழுவிசையில், மரம் அழுத்தத்துல. ஒரு பக்கக் கம்பி அறுந்தா, காத்து அந்தப் பக்கம் இருந்தா, மரம் ஓரிரு நொடியில் தண்ணியில இருக்கும். நடுவுல யாராவது நின்னா அவங்க மேல.

சோதிக்கறது சுலபம். பஞ்சையோ டிஷ்யூ பேப்பரையோ கம்பி நெடுகத் தேய்ச்சுட்டே போங்க. எங்கேயாவது நூல் மாட்டினா அங்கே ஓர் இழை அறுந்திருக்கு. வெறும் கையால தேய்க்கக் கூடாது. அறுந்த இழை ஊசி மாதிரி ஏறும். அடுத்து, கம்பி முனையில் அழுத்திப் பொருத்தின உலோகக் குழல்களை பூதக்கண்ணாடி வெச்சுப் பாருங்க. மயிரிழை விரிசலோ பழுப்புக் கறையோ இருந்தா அந்தக் கம்பி முடிஞ்சது.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எப்படித் துருப்பிடிக்கும்?" என்று எங்க ஈசிஈ தோழி கேட்டா. அதைக் காப்பாத்துறது மேற்பரப்புல இருக்கிற குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் புதுப்பிக்க ஆக்சிஜன் வேணும். குழலுக்குள்ள தேங்கி நிக்கிற தண்ணியில ஆக்சிஜன் தீர்ந்து போகும். அதுல கடல் உப்போட குளோரைடும் சேர்ந்தா, உள்ளுக்குள்ளேயே அரிக்கும், வெளியே பளபளன்னு இருக்கும். அதனாலதான் ஃபுளோரிடா கடலோரம்னு பெரியவர் சொன்னதும் எங்களுக்குத் திக்குனு இருந்துச்சு.

அப்போதான் எங்களுக்குள்ள ஒரு சண்டை. ஏப்ரல் மாசம், நல்ல காத்து, அடுத்த சனிக்கிழமை மூணு பேருக்கும் லீவு. "இருபது வருஷம் தாங்கின கம்பி இன்னொரு சனிக்கிழமை தாங்காதா?" என்று அவ கேட்டா. கேள்வி நியாயமாத்தான் படும். ஆனா ஃபடீக் வளைவை வரைஞ்சு பார்த்தா பதில் தலைகீழ். இருபது வருஷம் தாங்கினது என்பது பலத்துக்குச் சான்று இல்ல. எத்தனை சுழற்சி ஏற்கெனவே செலவாயிடுச்சு என்பதற்கான கணக்கு. மிச்சம் எவ்வளவுனு வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. பொதுவா 10, 15 வருஷத்துல கம்பிகளை மாத்திடணும்னு சொல்றது இதனாலதான்.

இடது பக்க மேல்கம்பியில் பஞ்சைத் தேய்ச்சது அவதான். கீழ்முனையிலிருந்து ரெண்டு அங்குலத்துல பஞ்சு மாட்டிச்சு. பத்தொன்பது இழையில் ஒண்ணு அறுந்திருந்தது. அன்னைக்கு ராத்திரியே முழு செட்டுக்கும் ஆர்டர் போட்டோம். அந்தச் சனிக்கிழமை ஏரிக்குப் போகல, அதுக்கடுத்த மூணு சனிக்கிழமையும் போகல.

கொட்டாங்கச்சி சத்தம் நல்லது

படகோட உடம்பு ஃபைபர்கிளாஸ். அது மக்காது. ஆனா நடக்குற மேல்தளம், அதாவது டெக், பல படகுகளில் சாண்ட்விச் மாதிரி: மேலயும் கீழயும் ஃபைபர்கிளாஸ், நடுவுல ப்ளைவுட் அல்லது பால்சா மரம். ஐ-பீம் தத்துவம்தான், எடை கூடாம விறைப்பு கூடும். ஆனா கைப்பிடி, கொக்கி என்று டெக்குல போட்ட ஒவ்வொரு ஸ்க்ரூ துளையும் அந்த மரத்துக்குத் தண்ணி போற வாசல். உள்ளே மரம் அழுகினா வெளியே ஒண்ணும் தெரியாது.

கண்டுபிடிக்கத் தேங்காய் வாங்குற டெக்னிக்தான். ஸ்க்ரூட்ரைவரோட பிளாஸ்டிக் பிடியால டெக் முழுக்கத் தட்டிட்டே போங்க. "டக் டக்" என்று கணீர்னு கேட்டா நல்லது. "தொப்" என்று மந்தமாக் கேட்டா உள்ளே ஈரம் அல்லது பிரிவு. அந்த இடத்தைச் சாக்பீஸால வட்டம் போடுங்க. எங்க படகுல முன்பக்கம் ஒரு தட்டு அளவுக்கு ஒரு வட்டம் வந்துச்சு. நடந்தா அமுங்கல, அதனால அது குளிர்கால வேலை. ஆனா தண்ணி போற வாசலை மட்டும் உடனே அடைச்சாச்சு: அங்கே இருந்த கொக்கியைக் கழட்டி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் வெச்சுத் திரும்ப மாட்டினோம்.

ஒழுகலைத் தேட ஒருத்தர் டார்ச்சோட கேபினுக்குள்ள உட்காரணும், இன்னொருத்தர் வெளியே கீழிருந்து மேலாக ஹோஸ் பைப்பால தண்ணி அடிக்கணும். மேலிருந்து ஆரம்பிச்சா எல்லா இடமும் ஒரே நேரத்துல நனைஞ்சு, எது ஒழுகுதுனே தெரியாது.

நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிற குழாய் வாயில்களையும் பாருங்க. பித்தளை கேட் வால்வு இருந்தா சந்தேகப்படுங்க. பித்தளையில் இருக்கிற துத்தநாகம் காலப்போக்குல கரைஞ்சு போய், மிச்சம் இருக்கிற செம்பு பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அவசரத்துல மூடப் போனா பிடி கையோட வந்துடும்.

பாயும் மோட்டாரும்

பாய்த் துணி பாலியெஸ்டர். அதுக்கு எமன் வெயில். துணியை விடத் தையல் நூல்தான் முதல்ல போகும். தையலை நகத்தால் சுரண்டினா நூல் உதிர்ந்தா, தையல்காரரிடம் கொடுத்துத் திரும்பத் தைக்கலாம். புதுப் பாய் தேவையில்ல.

பின்னாடி மாட்டுற சின்ன மோட்டாருக்கு ரெண்டே சோதனை. ஓடும்போது பக்கத்துல இருந்து மெல்லிசா தண்ணி பீச்சணும். இல்லனா குளிர்விக்கிற பம்ப்போட ரப்பர் இறக்கை போயிடுச்சு. பழைய பெட்ரோலை முழுக்க வடிச்சுட்டுப் புதுசு ஊத்தணும். எத்தனால் கலந்த பெட்ரோல் மாசக் கணக்கா நின்னா கார்புரேட்டர் அடைச்சுக்கும்.

எதை முதல்ல சரி பண்றது?

காசு அளவோடதான் இருக்கு. மூணு பேருமே ஸ்டூடண்ட்ஸ். அதனால மூணாவது கேள்வியோட பதிலை வெச்சு வரிசை போட்டோம்.

1. உடைஞ்சா ஆள் போற விஷயம்: கீல் கேபிள், எரிமலை ஹோஸ், பாய்மரக் கம்பிகள், ட்ரெய்லர் டயர், பேரிங், லைஃப் ஜாக்கெட்.

2. உடைஞ்சா நாள் போற விஷயம்: மோட்டார், பாய்த் தையல், வின்ச், விளக்குகள்.

3. உடைஞ்சா அழகு போற விஷயம்: பெயின்ட், குஷன், மரச் சட்டங்கள், ஸ்பீக்கர்.

முதல் பட்டியல் முழுக்க முடியாம ரெண்டாவதைத் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம். இன்னைக்கும் எங்க படகு பார்க்க வெளிறிப் போய்தான் இருக்கு. பக்கத்துப் படகுக்காரங்க கொஞ்சம் பரிதாபமாப் பார்ப்பாங்க. பரவாயில்ல.

தலைக்கு மேல பாருங்க

பாய்மரத்தை ஒவ்வொரு தடவையும் ஏரிக்கரையில் நிமிர்த்தணும். படுத்திருக்கிற மரத்தை முன்பக்கக் கயிறு கட்டி இழுத்தா வராது. ஏன்? கயிறு மரத்துக்குக் கிட்டத்தட்ட இணையாப் போறதால திருப்புவிசைக் கரம் ரொம்பச் சின்னது. இழுக்கிற பலம் முழுக்க மரத்தை அதோட போல்ட்டுல அழுத்தத்தான் போகுது. அதனால மரத்தோட அடியில் செங்குத்தா இன்னொரு கம்பம் நட்டு, கயிறை அது வழியா இழுப்பாங்க. கரம் நீளும், ஒரே ஆள் வின்ச்சால நிமிர்த்திடலாம். மரம் பக்கவாட்டில் சாயாம ரெண்டு பக்கமும் பிடிக்க ஏற்பாடு வேணும்.

இதுல உண்மையான ஆபத்து மின்கம்பி. ட்ரெய்லர் மேல நிமிர்ந்த மரத்தோட நுனி தரையிலிருந்து சுமார் 10 மீட்டர் உயரத்துல இருக்கும். அலுமினியம் நல்ல மின்கடத்தி, ஸ்டீல் கம்பிகளும் அப்படியே, ட்ரெய்லரைத் தொட்டுட்டு நிக்கிறது நீங்க. நிமிர்த்தும் முன்னாடி ஒருத்தர், நிமிர்த்தினபிறகு தண்ணிக்குப் போற பாதை முழுக்க நடந்து ஒருத்தர், மேலே பார்த்துச் சொல்லணும். இதுல ரெண்டாவது வாய்ப்பு கிடையாது.

முதல் நாள் தண்ணியில

எங்க ஏரி லேனியர். சாட்டஹூச்சி ஆத்துல பியூஃபர்ட் அணை கட்டித் தேக்கினது. 1996 ஒலிம்பிக்ல துடுப்புப் படகுப் போட்டி இங்கேதான் நடந்துச்சு. அணை ஏரி என்பதால நீர்மட்டம் ஏறி இறங்கும். போன மாசம் ஆழமா இருந்த இடம் இந்த மாசம் கீலைத் தட்டலாம்.

இறக்கினதும் உடனே அவிழ்த்துட்டுப் போகல. கரைமேடைல கட்டிவெச்சு அரை மணி நேரம் உள்ளே டார்ச் அடிச்சுப் பார்த்தோம்: எரிமலை, வால்வுகள், அடித்தரை. சொட்டு இல்ல. பிறகு கீலை முழுக்க இறக்கினோம். கீலை மடக்கின படகுக்கு எடை மையம் மேலே ஏறிடும். அந்த நிலையில் பாய் விரிக்கக் கூடாது.

சட்டப்படி ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் படகுல இருக்கணும்; 16 அடிக்கு மேல் உள்ள படகுல தூக்கிப் போடற மிதவை ஒண்ணும் வேணும். ஆனா "படகுல இருக்கு" என்பதும் "உடம்புல இருக்கு" என்பதும் வேற. நாங்க போட்டுக்கிட்டோம்.

காத்து 8 நாட்டுக்குள்ள இருக்கிற நாளாத் தேர்ந்தெடுத்தோம். காரணம் இந்தக் கணக்கு: மொத்தப் பாய்ப் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். 10 நாட் காத்துல அழுத்தம் சுமார் 16 பாஸ்கல்; பாய் மேல மொத்தமா 32 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. 20 நாட் ஆனா காத்து ரெண்டு மடங்குதான், தள்ளு நாலு மடங்கு: சுமார் 130 கிலோ. வேகத்தோட வர்க்கம். அதனால காத்து ஏறும்போது பாயைச் சுருக்கறதைப் பத்தி யோசிக்கத் தோணினாலே, சுருக்க வேண்டிய நேரம் வந்தாச்சு.

முதல் நாள் கத்துக்கிட்டது வேகமாப் போறதை இல்ல, நிக்கிறதை. பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறுக்கு ஷீட்னு பேர். துணிக்கு இல்ல, கயிறுக்கு! அதை விட்டுட்டா பாய் கொடி மாதிரி படபடக்கும், விசை போயிடும், படகு நிமிரும், நிக்கும். மூணு பேரும் மாறி மாறிச் சுக்கான் பிடிச்சு, ஆளுக்குப் பத்து தடவை "விடு!" என்று கத்தி, விட்டுப் பார்த்தோம். அப்புறம்தான் ஓட்டினோம். தண்ணியில இருக்கிற நீளம் 19 அடி சொச்சம் என்பதால இந்தப் படகோட உச்ச வேகமே சுமார் 6 நாட், மணிக்கு 11 கிலோமீட்டர். சைக்கிள்ல முந்திடலாம். ஆனா கேபினுக்குள்ள அந்த 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் முதல் தடவையாக் கேட்டப்போ மூணு பேரும் ஒரே நேரத்துல சிரிச்சோம்.

கடைசியா ஒரு நோட்டு

படகுல இருக்கிறதுலேயே விலை மலிவான பாதுகாப்புக் கருவி நாற்பது பக்க நோட்டு. என்னைக்கு எதை மாத்தினோம், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கினோம், எந்த வட்டம் எவ்வளவு பெருசாச்சு, எந்த ஹப் சுட்டுச்சு, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதுறோம். இப்போ மாத்தின கம்பிகளுக்கு முதல் பக்கத்துலேயே காலாவதி வருஷமும் எழுதியாச்சு. ஒருநாள் நாங்களும் இதை வித்துடுவோம். வாங்க வர்றவங்க "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டா, அந்த நோட்டைக் கையில கொடுத்துடலாம்.

படகு வாங்குறவங்க உங்கள்ல எத்தனை பேர்னு தெரியாது. ஆனா பழைய பைக், பழைய லேத், ஒர்க்‌ஷாப்ல மூலையில கிடக்கிற பம்ப், ப்ராஜெக்டுக்கு சீனியர் விட்டுட்டுப் போன ரோபோ, ஏதாவது ஒரு பழைய மெஷின் உங்க கைக்கு வரும். ஆன் பண்றதுக்கு முன்னாடி அந்த மூணு கேள்வியைக் கேளுங்க. டவுட் இருந்தா மெயில் போடுங்க ஜூனியர்ஸ், சனி ஞாயிறுல மட்டும் பதில் லேட்டா வரும்!